சோதிக்காத மூன்று மேகசின்

ஆயுதக் கிடங்கில் அவளுக்குப் பிடிக்காத விதி ஒன்றே ஒன்றுதான். மற்ற விதிகளில் முக்கால்வாசி அவளே போட்டவை. உள் கதவின் சாவி கிடங்குக்காரியான அவளிடம் இருக்கும், வெளிக் கதவின் சாவி இன்ஸ்பெக்டரிடம். ஒரே ஒரு துப்பாக்கி வெளியே போயிருந்தாலும் அவள் உள்ளேதான் கிடக்க வேண்டும். போனதெல்லாம் திரும்பி வந்து, எண்ணிக்கை சரி என்று அவள் பதிவேட்டில் எழுதி, அதை அவர் படித்த பிறகுதான் வெளிப் பூட்டு திறக்கும். பதினாறு வருஷமாக இதே பாடு. உலகத்தைப் பார்க்க ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி. கம்பிக்கு அடியில் பொருள் கொடுத்து வாங்க ஒரு முழ அகலத்துக்குச் சந்து. ஜெயிலில் இருக்கிறவனுக்காவது நாள் கணக்கு உண்டு என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையைச் சொறிவார்கள்.

படையில் அவளுக்கு 'ஸ்பிரிங் அக்கா' என்று பெயர். துப்பாக்கியின் அடியில் செருகுகிற தோட்டாப் பெட்டிக்குப் படையில் மேகசின் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் தோட்டாவை மேலே தள்ளும் ஒரு தகடு, வாயில் தோட்டாவைக் கவ்விப் பிடிக்க இரண்டு விளிம்புகள். அந்த விளிம்புகளை அவள் உதடு என்பாள். மேகசினைக் கீழே போட்டுவிட்டு "ஒண்ணும் ஆகலக்கா" என்று வருகிறவனிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி, "உதடு கீழயா விழுந்துச்சு, அடிப்பக்கமா?" என்பதுதான். உதடு ஒரு நூல் விரிந்தாலும் தோட்டா சாய்ந்து நிற்கும், துப்பாக்கி திக்கிப்போகும். உள்ளே எண்ணெய் விடுகிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "எதுக்குடா எண்ண, தாளிக்கவா போற? தூசி ஒட்டும்டா. காஞ்ச துணியால தொடச்சா போதும்" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவனை வாட்டி எடுத்துவிடுவாள்.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கண்ணுக்குக் கண்ணாடி, சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனால் காதுக்கு மூடி, வெளியே பணிக்குப் போகிறவன் உடம்பில் குண்டு துளைக்காத சட்டை. இதெல்லாம் இல்லாமல் அவளிடம் பருப்பு வேகாது. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்பவளைப் பார்த்து ஒருவன் ஒரு தடவை கேலி செய்தான். அடுத்த நிமிஷமே அவன் கழற்றிய ஸ்பிரிங் பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்தது. அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு கறாரான பெண்பிள்ளைதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

கிடங்கில் மொத்தம் இருநூறு மேகசின். அதில் ஒன்பது கெட்டவை. சிலவற்றில் உதடு விரிந்திருந்தது, சிலவற்றில் ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. கெட்டதைக் கண்டதும் அடியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துத் தனிப் பெட்டியில் போடுவது அவள் வழக்கம். அவற்றைக் கழித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டரின் மேஜையில் அந்தக் கடிதம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றதும் இன்ஸ்பெக்டர் பதறிக்கொண்டு எழுந்தார். ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, எதுக்கு இதுகளுக்கெல்லாம் பொட்டு வச்சு உக்கார வச்சிருக்க? பெரியவரு பாத்தா எட்டு மாசமா ஏன் அனுப்பலன்னு என்னைப் பிடிப்பாரு. தொடச்சிடு. அவரு போனதும் மறுபடி வச்சுக்கோ."

"சார், கலந்துட்டா அப்புறம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்."

"தனிப் பெட்டில தான இருக்கு? எப்படிக் கலக்கும்?"

அவள் தின்னரில் துணியை நனைத்து ஒன்பது பொட்டையும் துடைத்தாள். வேண்டாம் என்று கை சொன்னது, மேலதிகாரி சொன்னதைச் செய்து பழகிய கை அதே கைதான். ஆய்வுக்கு வந்த பெரியவரோ எதையும் தன் கையால் எண்ணிப் பார்க்கிற ஜாதி. அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் நீள மேஜையில் கொட்டச் சொன்னார். "அந்தப் பெட்டில என்ன, அதையும் கொட்டு" என்றார். பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணி, இருநூறு சரி, சபாஷ் என்றார். கூட வந்தவர்கள் அள்ளித் தட்டுகளில் அடுக்கிவிட்டார்கள். 'இருநூறும் பயன்படுத்தத் தகுதியானவை' என்ற வரியின் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். ஒன்பதும் எங்கே போனதென்று அப்போதே தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கே இன்ஸ்பெக்டரைக் கதவைத் திறக்க வைத்து உள்ளே போனாள். அன்றைக்கு வெளிப்பணி எதுவும் இல்லை, நாள் முழுக்க நேரம் கிடக்கிறது என்று நம்பி மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் முழுசாகக் கழற்றினாள். ஸ்பிரிங்கைப் புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தாள், உதட்டின் இடைவெளியை அளவுகோலால் பார்த்தாள், காய்ந்த துணியால் துடைத்துப் பூட்டினாள். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். நல்லதென்று தெரிந்தவற்றை மும்மூன்றாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள். ஒரு ஆளுக்கு மூன்று என்பது கணக்கு. எட்டே முக்காலுக்குள் முப்பத்து மூன்று பார்த்திருந்தாள். மூன்று கெட்டவை சிக்கின, பத்துக் கட்டு நல்லவை சேர்ந்தன.

அப்போதுதான் மணி அடித்தது.

ஒரு கொலை வழக்கின் சாட்சியைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாளைக்கு என்றிருந்ததை இன்றைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மனிதர் மேல் ஏற்கெனவே இரண்டு தடவை கை வைத்திருக்கிறார்கள், இரண்டிலும் மயிரிழையில் தப்பினார். காவலுக்குப் பதினோரு பேர், உடனே கிளம்ப வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், சோதன முடியல. அர மணி நேரம் குடுங்க."

"நேத்து இருநூறும் சரின்னு எழுதினது நீதான?"

"நான் எழுதினது..."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"அப்ப குடு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். சொந்தக் கையெழுத்து கழுத்தைப் பிடித்திருக்கும்போது எந்த வாயால் கத்துவது?

ஜன்னலில் வரிசை நின்றது. ஒவ்வொருவனுக்கும் துப்பாக்கி, சட்டை, ஒரு கட்டு மேகசின், எண்ணிக் கொடுத்த தோட்டா. ஒன்று, இரண்டு என்று கட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பதினோராவது ஆளுக்குக் கட்டு இல்லை என்பது ஆறாவது ஆள் நகரும்போதே அவளுக்கு உறைத்தது. கைக்கு எட்டிய கீழ்த்தட்டிலிருந்து மூன்றை எடுத்து, சோதிக்காமலே ஒரு கட்டு போட்டு, ஓரமாக வைத்தாள்.

பத்தாவது ஆள் தூங்குமூஞ்சி. மூன்றாவது குழந்தை பிறந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்தான். வீட்டில் குழந்தை தூங்க விடுவதில்லை, அதனால் நின்ற இடத்தில் கண்ணைச் சொருகிவிடுவார். சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வரிசையில் நகர்ந்து வந்த மனிதர் ஜன்னல் வந்ததும் முழித்துக்கொண்டு சிரித்தார்.

"சின்னவ எப்படிண்ணே இருக்கா?" என்றாள் வாய் வழக்கத்தில்.

"பகல்ல தேவதக்கா. பொழுது சாஞ்சா எங்கம்மா."

பதினோராவது ஆள் அவளுடைய கொழுந்தன். எந்த வரிசையிலும் கடைசியாக வந்து நிற்கிறவன். அவள் மருமகளாக அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது அவனுக்குப் பத்து வயது. மூக்கைச் சிந்தத் தெரியாது. அவள் புருஷன் பஸ் ஓட்டப் போய்விடுவான், மாமியாருக்கு முட்டி வலி. அவனைக் குளிப்பாட்டி, பாடம் சொல்லிக்கொடுத்து, படையில் சேர விண்ணப்பம் நிரப்பியதுவரை அவள்தான். அவன் தூங்குமூஞ்சியின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜையில் இரண்டு கட்டு இருந்தன. வலது கைப் பக்கம் சோதித்தது, இடது கைப் பக்கம் சோதிக்காதது. வரிசைப்படி பார்த்தால் சோதித்தது தூங்குமூஞ்சிக்குப் போக வேண்டும். அவள் இடது கைப் பக்கத்துக் கட்டை எடுத்துச் சந்து வழியாகத் தள்ளினாள். அவ்வளவுதான். யோசித்துச் செய்யவில்லை என்று அவள் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய். யோசித்துத்தான் செய்தாள், ஒரே ஒரு நொடி யோசித்தாள்.

கொழுந்தன் வந்தான். வலது கைப் பக்கத்துக் கட்டைக் கொடுத்தாள். மனசு ஆறாமல் சந்து வழியாகக் கையை நீட்டி அவன் மாட்டிக்கொண்ட குண்டு துளைக்காத சட்டையின் நெஞ்சில் தட்டினாள். உள்ளே இரும்புத் தகடு இருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும். பொத்தென்று வந்தது.

"அட்டையா வச்சிருக்க?"

"அண்ணி, மெதுவா." அவன் பல்லைக் காட்டினான். "அந்தத் தகட்டத் தூக்கிட்டு ஒரு நாள் நின்னு பாருங்க, முதுகு ஒடிஞ்சு போகும். எல்லாரும் இப்படித்தான்."

இது அவளுக்குப் புது விஷயமில்லை. அவன் திருப்பிக் கொடுக்கிற சட்டையின் எடையிலேயே தெரியும். செருப்பு வாங்கிய பெட்டியின் அட்டையை வெட்டி உள்ளே சொருகியிருப்பான், தகடு இரண்டும் அவன் பெட்டியில் தூங்கும். வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இவன் பெயருக்கு எதிரே ஐந்து மாதமாக 'சரி' என்றுதான் எழுதியிருக்கிறாள். உள்ளதை எழுதினால் அவன் வேலைக்கு வேட்டு, வீட்டுக்குப் போனால் மாமியாரின் முகத்தில் முழிக்க வேண்டும்.

"கீழ இறங்காம வண்டிலயே இரு," என்றாள். அர்த்தமில்லாத பேச்சு. அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடினான். வண்டி கிளம்பியது. இன்ஸ்பெக்டர் வெளிக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சோதிக்காத மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்ததற்குப் பதிலாக, மூன்று பேருக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டிருக்கலாம். ஒன்று கெட்டிருந்தாலும் ஒவ்வொருவனிடமும் இரண்டு நல்லது இருந்திருக்கும். ரப்பர் பேண்டைக் கழற்றி மாற்றக் கால் நிமிஷம் ஆகியிருக்குமா? கட்டுக் கட்டாகவே கொடுத்துப் பழகிய புத்தி கட்டை அவிழ்க்கத் தோன்றாமல் நின்றுவிட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளபடியே, பட்டென்று சத்தம் வர அடித்துக்கொண்டாள்.

இனிமேல் முழுசாகக் கழற்றிப் பார்க்க நேரமில்லை. சுருக்கமான சோதனைக்கு மாறினாள். தகட்டை அமுக்கி எழும்புகிறதா என்று பார்ப்பது, உதட்டில் அளவுகோல் வைப்பது, மருந்தில்லாத நாலு பொய்த் தோட்டா போட்டு உள்ளங்கையில் தட்டுவது, தோட்டா தானாக வெளியே குதித்தால் கெட்டது. ஒன்றுக்கு ஒரு நிமிஷம் போதும். மிச்சமிருப்பவை நூற்று அறுபத்து நாலு, அதற்குள் கெட்டவை ஆறு இருக்க வேண்டும். ஆறும் இங்கேயே கிடைத்துவிட்டால் தூங்குமூஞ்சியின் கையில் இருப்பவை மூன்றும் நல்லவை. அவள் அதற்காகத்தான் ஆசைப்பட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெட்ட மேகசினுக்கு ஆசைப்பட்டாள்.

சுவரில் மாட்டியிருந்த வயர்லெஸ் பெட்டி கேட்பதற்கு மட்டுந்தான், பேச முடியாது. அது கரகரத்தது. "சாட்சியை ஏற்றியாகிவிட்டது." பிறகு, "பாலம் தாண்டியாகிவிட்டது." பிறகு, "கோர்ட் வாசல். கூட்டம் அதிகம்." ஒவ்வொரு தடவை கரகரக்கும்போதும் அவள் கை நின்றுபோகும். கூட்டம் அதிகம் என்றதற்குப் பிறகு இருபது நிமிஷம் அது வாயே திறக்கவில்லை. உட்கார முடியாமல் எழுந்து நடந்தாள். சுவரிலிருந்து சுவருக்கு ஒன்பது எட்டு. அதற்கு மேல் போக இடமில்லை.

கீழ்த்தட்டை எடுத்தபோது முதலாவதே கெட்டது. இரண்டாவது கெட்டது. மூன்றாவது நல்லது, நாலாவது கெட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் அந்தப் பெட்டியைக் கடைசியில் கொட்டினார். கடைசியில் கொட்டியவற்றில் பெரும்பாலானவை ஒன்றாகவே கிடந்து ஒன்றாகவே கீழ்த்தட்டுக்கு வந்திருக்கின்றன. அந்தக் குவியலின் மேலிருந்துதான் அவள் மூன்றை எடுத்துக் கட்டுப் போட்டாள்.

அப்புறமும் விடவில்லை. மற்ற தட்டுகளையும் ஒன்று விடாமல் பார்த்தாள். எங்கேயாவது இன்னும் மூன்று இருக்காதா என்று கண்ணாடி வேர்க்க வேர்க்கத் தட்டினாள். நல்லது, நல்லது, நல்லது. ஒவ்வொரு நல்லதையும் வேண்டாவெறுப்பாக ஓரம் தள்ளினாள். பன்னிரண்டே காலுக்கு நூற்று அறுபத்து நாலும் முடிந்தது. காலையில் சிக்கியவையும் சேர்த்து மொத்தம் ஆறு கெட்டவை மேஜையில் கிடந்தன. ஒன்பதில் ஆறு போக மூன்று. தூங்குமூஞ்சியிடம் இருப்பவை மூன்று.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். இன்ஸ்பெக்டர் சாப்பாட்டுக் கையோடு வந்தார்.

"சார், பத்தாவது ஆளுகிட்ட இருக்கிற மூணும் கெட்டது. மூணும். ஒரு குண்டு கூட ஒழுங்கா ஏறாது. வயர்லெஸ்ல சொல்லுங்க, அவர வண்டிக்குள்ள உக்காரச் சொல்லுங்க."

அவர் மென்றதை முழுங்கினார். "வயர்லெஸ்ல சொன்னா யாரு யாரு கேப்பாங்கன்னு தெரியுமா? காவல்ல ஒருத்தன் வெறுங்கையோட நிக்கிறான்னு நானே ஊருக்குத் தண்டோரா போடணுமா?"

"அப்ப ஃபோன்ல..."

"பணிக்குப் போறவன் ஃபோன் எல்லாம் இங்க பெட்டியில பூட்டி இருக்கு. நீ போட்ட ரூலுதான்."

அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம். வாய மூடிட்டு இரு. ஒண்ணும் ஆகாது," என்றார். ஒன்றும் ஆகாது என்று சொன்னவரின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. எச்சில் கையோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் விவரித்து யாருக்கும் புண்ணியமில்லை. பகலில் தேவதை என்று அவர் சொன்னது அவள் காதை விட்டுப் போகவில்லை. அந்தக் குழந்தையை அவள் ஒரு தடவை தூக்கியிருக்கிறாள். சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. தூங்குமூஞ்சியின் பெண்டாட்டி நாளைக்கு வந்து ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? என் கொழுந்தனுக்கு நல்லது வேண்டியிருந்தது என்றா? அவள் அழுதாள். கிடங்கில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

ஒன்றேகாலுக்கு வண்டி வந்தது. பதினோரு பேரும் இறங்கினார்கள். அவள் ஒருமுறை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கினார். கோர்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை, சாட்சி சொல்லிவிட்டார், வெயில் மண்டையைப் பிளந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொருவராக வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுத்ததை அவரவர் எண் எழுதிய மரக் கட்டத்தில் வைப்பது வழக்கம். எல்லோரும் போனதும் பத்தாவது கட்டத்திலிருந்த மூன்றை எடுத்தாள். தகட்டை அமுக்கினாள். எழும்பியது. அளவுகோல் வைத்தாள். சரியாக இருந்தது. மூன்றும் நல்லவை. எங்கே தப்பு, எண்ணிக்கையிலா? ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம் பதினோராவது கட்டத்தைப் பார்த்தாள். அதிலும் மூன்று மேகசின். எடுத்தாள். முதலாவதில் உதடு விரிந்திருந்தது. இரண்டாவதில் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. மூன்றாவதைக் கையில் தட்டியதும் பொய்த் தோட்டா துள்ளித் தரையில் உருண்டது.

கொழுந்தன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"எப்படிடா உன்கிட்ட வந்துச்சு?"

"மாத்திக்கிட்டேன்."

"எப்ப?"

"வண்டி கிளம்பி அஞ்சு நிமிஷத்துல அவரு குறட்ட விட ஆரம்பிச்சிட்டாரு. இறங்கும்போதுதான துப்பாக்கியில மாட்டுவோம், அதுவரைக்கும் பையிலதான இருக்கும். பையத் திறந்து மாத்திட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் குடுக்கும்போது என் மூஞ்சியப் பாத்தீங்க அண்ணி. அவருக்குக் குடுக்கும்போது ஜன்னல் கம்பியப் பாத்தீங்க. பத்து வயசுலேர்ந்து உங்க மூஞ்சியப் பாத்து வளந்தவன் நான். எதோ தப்புன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே! இறங்கி வந்து கத்த வேண்டியதுதானே!"

"கத்தினா உங்கள மாட்டி விட்டதாயிடும். சும்மா இருந்தா அவரு மாட்டுவாரு. அவருக்கு மூணு குழந்தைங்க." அவன் தோளைக் குலுக்கினான். "வேற வழி தெரியல."

"நெஞ்சுல அட்டைய வச்சுக்கிட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கம்பி மட்டும் நடுவில் இல்லையென்றால் ஓங்கி அறைந்திருப்பாள். அறைந்த கையாலேயே அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டும் இருப்பாள். இரண்டுக்கும் இடம் தராமல் கம்பி நின்றது. நாலரை மணி நேரம் அவள் தூங்குமூஞ்சிக்காகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரமெல்லாம் கோர்ட் வாசலில், கூட்டத்தின் நடுவில், உருப்படாத மேகசினோடும் செருப்புப் பெட்டி அட்டையோடும் நின்றது தான் வளர்த்த பிள்ளை. அவனை அங்கே நிறுத்தியது அவள்தான். அட்டைக்கு எதிரே 'சரி' என்று எழுதிய கையும், இடது பக்கத்துக் கட்டைத் தள்ளிய கையும் ஒன்றே.

"போ. போய்ச் சாப்பிடு," என்றாள்.

"நீங்க?"

"எனக்கு வேல இருக்கு."

அவன் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கெட்டவை ஒன்பதையும் வரிசையாக மேஜையில் வைத்தாள். ஒவ்வொன்றாக, மேஜை ஓரத்து இரும்பு இடுக்கியான வைஸில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினாள். தகரம் முனகியது, உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன, உடம்பு சப்பையானது. இனி எந்தத் தின்னராலும் இதுகளை நல்லதாக்க முடியாது. ஒன்பதாவதை நசுக்கும்போது தோள்பட்டை வலித்தது. அப்புறம் பதிவேட்டைத் திறந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினாள்.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வெளிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். பெரிய பாரம் இறங்கிய மனிதர் மாதிரி விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"நான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு? சரி, எண்ணிக்க எவ்வளவு?"

"துப்பாக்கி எல்லாம் சரி சார். மேகசின் நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

விசில் நின்றது. அவள் பதிவேட்டைச் சந்து வழியாகத் தள்ளினாள், கூடவே நசுங்கிய ஒன்பதையும் தள்ளினாள். அவர் நின்றபடியே படித்தார். பொட்டுகளைத் துடைத்தது யார் சொல்லி, துடைத்தது யார், இருநூறும் சரி என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டது யார். கொழுந்தனின் சட்டையில் தகடு இல்லாதது ஐந்து மாதமாகத் தெரிந்தும் எழுதாமல் விட்டது யார். நல்ல கட்டைக் கொழுந்தனுக்கு வைத்துக்கொண்டு, சோதிக்காத கட்டைத் தெரிந்தே பத்தாவது ஆளிடம் கொடுத்தது யார். எல்லாம் வரிசையாக, கோணாத கையெழுத்தில் இருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" அவர் குரல் கீழே இறங்கியது. "நான் மாட்டுறேன், சரி. நீ மாட்டுற. அந்தப் பையன் வேல போகும், உன் சொந்தக் கொழுந்தன். கடைசியா எழுதியிருக்கியே, அது எதுக்கு? அது ஒருத்தருக்கும் தெரியாது. அந்தாளுக்கே தெரியாது, தூங்கிட்டிருந்தான். அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சிடு. கழிச்சதா நான் முன்தேதி போட்டுத் தர்றேன். கதவத் திறக்கறேன், வீட்டுக்குப் போ."

"கிழிக்க மாட்டேன் சார்."

"எண்ணிக்க சரியாகாம இந்தக் கதவத் திறக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சாவி கைல இருக்கிறவரைக்கும் நானும் இங்கேர்ந்து நகர முடியாது."

"அதுவும் தெரியும். மேலிடத்துக்குச் சொல்லுங்க. அவங்க வந்து எண்ணட்டும்."

அவர் பதிவேட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஏம்மா," என்றார் கடைசியில், அதிகாரம் எல்லாம் வடிந்த குரலில். "யாரும் கேக்காததுக்கு எதுக்கு நீயா பதில் சொல்ற?"

"நாளைக்கு அவரு இதே ஜன்னல்லதான் சார் வந்து நிப்பாரு. சின்னவ எப்படி இருக்கான்னு நான் கேக்கணும்."

அவர் வெளியிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் உள்ளே நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பசித்தது. கொழுந்தனைக் கூப்பிட்டு ஏதாவது வாங்கி வரச் சொல்லலாமா என்று நினைத்தாள். சந்து வழியாக ஒரு தட்டு தாராளமாக நுழையும்.